நிழல் மறையும் நாளும் இரவு மறையும் நாளும்

பூமத்திய ரேகையை ஒட்டிய தேசங்கள் உஷ்ணமாகவும், துருவப் பிரதேசங்கள் பனிக்கட்டி மூடியவையாகவும் இருப்பதற்குக் காரணம் என்னவென்று கேட்டால், நன்றாகப் படித்தவர்களில்கூடப் பலர், பூமியின் நடுப்பாகம் பருத்துச் சூரியனுக்குக் கிட்ட இருக்கிறது, முனைகள் இரண்டும் எட்ட இருக்கின்றன, அதனால்தான் என்று தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள். அனுபவத்துக்குப் பொருந்துவதுபோலத் தோன்றுவதாலேயே நிலைத்துவிட்ட இந்த அபிப்பிராயம் முற்றிலும் தவறானது. அதன் தவற்றை நிரூபிக்கத் தூரதேசப் பிரயாணமோ விலையுயர்ந்த கருவிகளோ நமக்குத் தேவையில்லை. கோயம்புத்தூர் ஜில்லாவின் தென்னெல்லையில், பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் எழுந்து நிற்கும் ஆனைமலைத் தொடரே அதற்குப் போதிய சாட்சி.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்குப் பஸ்ஸில் ஏறுகிறவர்கள், அணையைத் தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள்ளாகவே ஜன்னலை இறக்கிவிட்டுக்கொள்கிறார்கள். கீழே சமவெளி கடல் மட்டத்துக்குச் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வால்பாறை 1,000 மீட்டருக்கு மேல். கேரள எல்லைக்குள் இருக்கும் ஆனைமுடிச் சிகரமோ 2,695 மீட்டர், விந்தியத்துக்குத் தெற்கே அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் உஷ்ணம் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது என்பது வானிலை நூலார் கண்ட கணக்கு. ஆக, அடிவாரத்திலிருந்து ஆனைமுடிக்கு ஏறுகிறவன் சூரியனை நோக்கி இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நெருங்குகிறான். நெருங்க நெருங்கக் குளிரில் நடுங்குகிறான். பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சூரியனுக்கு இரண்டு கிலோமீட்டர் ஒரு பொருட்டா என்று யாரேனும் கேட்பார்களானால், அந்தக் கேள்வி மிகச் சரியானதே. அதே கேள்வியைப் பூமத்திய ரேகைக்கும் துருவத்துக்கும் இடையே உள்ள தூர வித்தியாசத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். அந்த வித்தியாசம் பூமியின் ஆரமாகிய சுமார் 6,400 கிலோமீட்டர் அளவுதான். பதினைந்து கோடியில் அது இருபத்து மூவாயிரத்தில் ஒரு பங்கு.

இதைவிட உறுதியான சாட்சியை மார்கழியிலும் தையிலும் அந்த மலையின் உச்சிப் பகுதி தருகிறது. வால்பாறைக்கு மேலே அக்காமலையை அடுத்துக் கிடக்கும் புல்மலைகளில், மேகமில்லாத இரவு கழிந்த விடியற்காலைகளில், தாழ்ந்த பள்ளங்களிலுள்ள புல்லின் நுனியெல்லாம் உறைபனி படிந்து வெளுத்திருக்கும். அந்த ஜனவரி மாதத்தின் முதல் வாரத்தில்தான் பூமி தன் பாதையில் சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஜூலை முதல் வாரத்தில் அது 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டர் தூரம் விலகிப் போய்விடுகிறது. ஐம்பது லட்சம் கிலோமீட்டர் கிட்ட வந்தும், அதனால் பூமியின்மேல் விழும் மொத்த வெயில் ஜூலையைக் காட்டிலும் நூற்றுக்கு ஏழு பங்கு கூடியும், ஆனைமலைப் புல்லின்மேல் பனி உறைவதை அந்த நெருக்கத்தால் தடுக்க முடியவில்லை. அப்படியிருக்க, 6,400 கிலோமீட்டர் வித்தியாசம் ஒரு துருவத்தையே உறையச் செய்துவிடும் என்று எப்படி நம்புவது?

தூரம் காரணமல்ல, சாய்வே காரணம். சூரிய கிரணங்கள் நம்மை வந்தடையும்போது ஒன்றுக்கொன்று இணையாகவே வருகின்றன. பூமி உருண்டையாக இருப்பதால் அவை ஓரிடத்தில் நேராகவும், மற்றோரிடத்தில் சாய்ந்தும், இன்னோரிடத்தில் தரையைத் தடவிச் செல்வதுபோலவும் விழுகின்றன. ஓர் ஏக்கருக்கென்று கொண்டுவந்த எருவை அந்த ஓர் ஏக்கரிலேயே இறைத்தால் மண் கொழிக்கும். ஐந்து ஏக்கருக்கு இறைத்துவிட்டால் எரு இட்டதாகவே தெரியாது என்பதைக் கொங்கு நாட்டு விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே அளவு வெயில் எவ்வளவு நிலத்தின்மேல் பரந்து விழுகிறது என்பதில்தான் பூமியின் சீதோஷ்ண பேதமெல்லாம் அடங்கியிருக்கிறது.

இந்தச் சாய்வை அளக்க ஒரு கோல் போதும். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் 21ஆம் தேதியை ஒட்டி, ஆனைமலை ஊரில் ஒரு மீட்டர் நீளமுள்ள கோலைச் செங்குத்தாக நட்டுவைத்தால், உச்சிவேளையில் அதன் நிழல் வடக்கே 19 சென்டிமீட்டர் அளவுக்கே நீளும். அதே நாளில், அதே அளவுள்ள கோலை, வட துருவத்தை நோக்கிச் சென்று நார்வே நாட்டுக்குரிய ஸ்பிட்ஸ்பெர்கன் தீவிலுள்ள நி-ஆலசுண்ட் என்னும் குடியிருப்பில் நட்டால், அங்கே உச்சிவேளை நிழல் ஐந்து மீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும். அந்தக் குடியிருப்பை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் தேசத்தின் ஆர்க்டிக் ஆராய்ச்சி நிலையமாகிய ஹிமாத்ரி 2008ஆம் ஆண்டு முதல் அங்கேதான் இயங்கிவருகிறது. ஆனைமலையில் ஒரு சதுர மீட்டர் அகலமுள்ள கிரணக் கற்றை அன்றைய உச்சிவேளையில் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் நிலத்திலேயே முழுதும் இறங்குகிறது. ஹிமாத்ரியின் முற்றத்திலோ அது ஐந்து சதுர மீட்டருக்கு மேல் பரந்து மெலிகிறது. மெலிவு அத்துடன் நிற்பதுமில்லை. சாய்ந்து வரும் கிரணம் வாயுமண்டலத்துக்குள் குறுக்கே நெடுந்தூரம் பிரயாணம் செய்ய வேண்டியிருப்பதால், நேராக இறங்கும் கிரணம் கடப்பதைப்போல் ஐந்து மடங்கு காற்றைக் கடந்து, வழியிலேயே சிதறியும் தேய்ந்தும், எஞ்சியது மட்டும் தரையை அடைகிறது.

பூமியின் அச்சு நேராக நின்றிருந்தால் கதை இவ்வளவில் முடிந்திருக்கும். அது சுமார் இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்திருப்பதால் சூரியன் ஆண்டு முழுவதும் கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையே வடக்கும் தெற்குமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த இரண்டு ரேகைகளுக்கும் இடையில் வாழும் மக்களுக்கு மட்டுமே கிடைத்த ஒரு விசேஷம், சூரியன் ஆண்டுக்கு இருமுறை தலைக்கு நேர் மேலே வந்து நிற்பது. டெல்லியில் இருப்பவர்கள் அதை ஒரு நாளும் காண முடியாது. வடக்கு அட்சரேகை பத்தரை டிகிரியைச் சற்றே தாண்டி அமைந்திருக்கும் ஆனைமலையில் ஏப்ரல் 17, 18ஆம் தேதிகளை ஒட்டியும், மறுபடி ஆகஸ்ட் 25ஆம் தேதியை ஒட்டியும் அது நிகழ்கிறது. நிழலில்லா நாள் என்று அறிவியல் இயக்கத்தார் இக்காலத்தில் பள்ளிக்கூடங்களுக்குச் சொல்லித்தருவது இதைத்தான். இவ்விரு தேதிகளுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் உச்சிவேளை நிழல் தெற்கே விழுகிறது. ஜூன் 21இல் மீட்டர்க் கோலின் நிழல் தெற்கே சுமார் 23 சென்டிமீட்டர். டிசம்பர் 22இல் வடக்கே சுமார் 67 சென்டிமீட்டர். அந்த 67 சென்டிமீட்டர்தான் ஆண்டு முழுவதிலும் ஆனைமலை உச்சிவேளையில் காணக்கூடிய மிகப் பெரிய சாய்வு. நம் குளிர்காலத்து உச்சிவேளைச் சூரியன்கூடத் துருவத்தின் கோடைக்காலத்துச் சூரியனைவிட உயரத்தில் நிற்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இங்கே வயலில் ஆண்டு முழுவதும் பச்சை மாறாதிருப்பது வியப்பாகத் தோன்றாது.

இந்த இடத்தில், ஆனைமலையையும் ஹிமாத்ரியையும் இணைக்கும் ஓர் அழகிய பொருத்தத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன். ஆனைமலையின் அட்சரேகை சுமார் பத்தரை டிகிரி. ஹிமாத்ரியின் அட்சரேகை 79 டிகிரிக்கு ஒரு மயிரிழை குறைவு. இரண்டையும் கூட்டினால் தொண்ணூற்றுக்கு அரை டிகிரிதான் குறைகிறது. அந்த அரை டிகிரியையும், காற்றில் ஒளி வளைந்து சூரியனைச் சற்று உயர்த்திக் காட்டுவது ஈடுசெய்துவிடுகிறது. இதன் பலன் என்னவென்றால், சூரியன் ஆனைமலைக்கு நேர் மேலே வந்து நிழலை மறைக்கும் அதே ஏப்ரல் நாட்களில் ஹிமாத்ரியில் இரவு மறைந்துவிடுகிறது. அன்றிலிருந்து நான்கு மாதம் அங்கே அஸ்தமனம் இல்லை. நள்ளிரவிலும் சூரியன் அடிவானத்துக்கு மேலே சுற்றிவருகிறது. ஆகஸ்ட் கடைசியில் ஆனைமலையில் நிழல் இரண்டாம் முறை மறையும்போது அங்கே முதல் அஸ்தமனம் நிகழ்கிறது. பிறகு அக்டோபர் கடைசி வாரம் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை அவர்களுக்குச் சூரிய தரிசனமே கிடையாது. ஆனைமலையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் இல்லை. அங்கே அது இருபத்து நான்கு மணி நேரம்.

ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால், பூமியின்மேல் எந்த ஸ்தலத்துக்கும் சூரியன் அடிவானத்துக்கு மேலே இருக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றேதான். பாதி ஆண்டு வெளிச்சம், பாதி ஆண்டு இருள். இந்த விஷயத்தில் இயற்கை பாரபட்சம் காட்டவில்லை. காலத்தில் சமமாகக் கொடுத்ததைச் சாய்வினால் குறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். வாயுமண்டலத்தின் உச்சியில் வந்து விழும் வெயிலை ஆண்டுச் சராசரியாகக் கணக்கிட்டால், துருவத்தின் பங்கு பூமத்திய ரேகையின் பங்கில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டுதான்.

ஆனால் இந்தக் கணிதத்துக்குள் ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது. வால்நட்சத்திரத்தால் நமக்கு அறிமுகமான எட்மண்ட் ஹேலி 1693இல், ஒவ்வோர் அட்சரேகையிலும் சூரிய உஷ்ணம் எந்த விகிதத்தில் விழுகிறது என்று கணக்கிட்டு லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் எழுதினார். ஜூன் 21ஆம் நாளில், அஸ்தமனமே இல்லாத துருவத்தின்மேல் இருபத்து நான்கு மணி நேரத்தில் விழும் மொத்த உஷ்ணம், பூமத்திய ரேகையின்மேல் அந்நாளில் விழுவதைவிட அதிகம் என்பது அந்தக் கணக்கில் வெளிப்பட்டது. நம் இரு ஊர்களையும் எடுத்துக்கொண்டால், அந்த ஒரு நாளில் ஆனைமலையின் வானத்துக்கு வருவதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகமான வெயில் ஹிமாத்ரியின் வானத்துக்கு வருகிறது. அப்படியானால் ஜூனில் ஹிமாத்ரி பொள்ளாச்சியைவிடச் சூடாக இருக்க வேண்டாமா? ஆனால் அங்கே ஜூலை மாதச் சராசரி உஷ்ணம் ஐந்தாறு டிகிரி அளவில்தான் நிற்கிறது.

புதிருக்கு விடை பனியில் இருக்கிறது. புதிதாக விழுந்த வெண்பனி தன்மேல் படும் வெயிலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் ஆகாயத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆனைமலைக் காட்டின் கரும்பச்சை இலைத்திரளோ நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்குக் குறையாமல் உள்ளே வாங்கிக்கொள்கிறது. எஞ்சி உட்புகும் வெயிலும் துருவத்தில் காற்றைச் சூடாக்கப் பயன்படுவதில்லை. பனிக்கட்டியை உருக்குவதில் செலவாகிறது. ஒரு கிராம் பனிக்கட்டியை, அதன் உஷ்ணநிலை ஓர் இம்மியும் உயராமல், வெறுமனே நீராக்குவதற்கு எண்பது கலோரி வேண்டும். அதே எண்பது கலோரி அந்த நீரை எண்பது டிகிரிக்குச் சூடாக்கப் போதுமானது. நான்கு மாத இருளில் சேர்ந்த குளிரின் கடனை அடைப்பதற்குள் கோடை கழிந்துவிடுகிறது. தென் துருவத்தின் நிலை இன்னும் கடுமையானது. அங்கே கடலுக்குப் பதிலாக ஒரு கண்டமே இருக்கிறது, அதன்மேல் கிலோமீட்டர்க் கணக்கில் பனிக்கட்டி குவிந்திருக்கிறது. அக்கண்டத்திலுள்ள வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21ஆம் தேதி பதிவான மைனஸ் 89.2 டிகிரியைவிடக் குறைந்த உஷ்ணத்தை எந்த வானிலை நிலையமும் தரையில் அளந்ததில்லை.

விழும் வெயில் மட்டுமே ஒரு நாட்டின் உஷ்ணத்தை நிர்ணயிப்பதில்லை என்பதற்கும் ஆனைமலையிலேயே உதாரணம் கிடைக்கிறது. நிழலில்லா நாள் இரண்டில் ஏப்ரல் நாள் அனல் வீசும் சித்திரை வெயிலில் வருகிறது; ஆகஸ்ட் நாளோ மேல்காற்றும் மேகமும் சாரலும் கலந்த குளிர்ச்சியில் வருகிறது. சூரியன் இரண்டு நாளும் ஒரே உயரத்தில்தான் நிற்கிறான். ஆனால் இரண்டாவது முறை அவனுக்கும் பூமிக்கும் இடையே தென்மேற்குப் பருவக்காற்று நிற்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்தக் காற்று பாய்ந்து வந்து, உடுமலை, பல்லடம் பகுதிகளில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்த இறக்கைகளைச் சுழற்றும் சக்தியும், மூலத்தைத் தேடிப் போனால், வெயில் சமமின்றி விழுவதிலிருந்து பிறந்ததே. உஷ்ணப் பிரதேசங்களில் சேரும் மிகுதி உஷ்ணத்தைக் காற்றும் சமுத்திர நீரோட்டங்களும் சுமந்து துருவங்களை நோக்கி ஓயாமல் கொண்டுசெல்கின்றன. உஷ்ணப் பிரதேசத்தில் காற்று மேலெழுந்து போவதையும், அதன் இடத்தை நிரப்ப வேறு காற்று வருவதையும், பூமியின் சுழற்சி அதைத் திசைமாற்றுவதையும் கொண்டு வியாபாரக் காற்றுகளுக்கு ஜார்ஜ் ஹாட்லி 1735இல் விளக்கம் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தியும் விரித்தும் எழுதியபோதிலும், அடிப்படைக் கருத்து இன்றும் நிற்கிறது. இந்தப் போக்குவரத்து இல்லாவிட்டால் பூமத்திய ரேகைப் பிரதேசம் இன்னும் தகிக்கும், துருவங்கள் இன்னும் உறையும். ஹிமாத்ரி இருக்கும் கடற்கரை அந்த அட்சரேகைக்குரிய கடுங்குளிரிலிருந்து ஓரளவு தப்பியிருப்பதுகூட, அட்லாண்டிக் சமுத்திரத்தின் வெதுவெதுப்பான நீரோட்டத்தின் கிளையொன்று அவ்வளவு தூரம் வந்து எட்டுவதால்தான்.

புல்மலையின் குளிரையும் துருவத்தின் குளிரையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. காற்றின் வழியே வரும் வெயில் பெரும்பாலும் காற்றைச் சூடாக்காமல் தரையைத்தான் சூடாக்குகிறது. தரையால் சூடான காற்று மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிவதில் தன் உஷ்ணத்தைச் செலவழித்துக் குளிர்கிறது. அதனால் மலையுச்சி குளிர்ந்திருக்கிறது. அங்கே விழும் வெயில் குறைந்ததனால் அல்ல. உண்மையில், காற்று மெலிந்திருப்பதால் உச்சியில் வெயில் சமவெளியைவிட உக்கிரமாகவே படுகிறது. குளிர்காலத்தில் நடுப்பகலில் புல்மலையில் நடப்பவருக்குக் காது குளிரும், கழுத்தின் பின்புறம் தோல் கருகும். காற்று மெலிந்து தெளிந்திருக்கும் இந்தக் குணத்துக்காகவே, சூரியனை ஆராயும் கூடத்தை 1899இல் பக்கத்துப் பழனிமலையில், கொடைக்கானலில் நிறுவினார்கள். துருவத்தில் குளிர்காலம் மாதக்கணக்கில் நீடிக்கிறது. ஆனைமலை உச்சியில் அது இரவோடு வந்து பகலோடு போகிறது.

அந்த ஓரிரவுக் குளிருக்கே அங்குள்ள உயிர்கள் எவ்வளவு இணங்கி வாழ்கின்றன! இமயத்திலும் காணப்படும் இனத்தைச் சேர்ந்த காட்டுப்பூவரசு மரம் செம்பூக்களுடன் இம்மலைகளில் நிற்கிறது. உச்சிப் பாறைகளில் வரையாடு மேய்கிறது. சோலை மரங்கள் பள்ளத்தாக்கின் மடிப்புகளுக்குள் ஒடுங்கியிருக்க, சரிவெல்லாம் புல்லாகவே இருப்பதற்கு உறைபனி ஒரு காரணம் என்று தாவர நூலார் பலர் கருதுகிறார்கள்; திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக் கன்று அந்த விடியற்காலைப் பனியில் கருகிவிடுகிறது, புல்லோ வேரில் உயிரை வைத்துக்கொண்டு தப்பிவிடுகிறது.

துருவத்தின் பனி இக்காலத்தில் வேகமாகக் குறைந்துவருவதைக் கேள்விப்படுகிறோம். வெண்பனி போன இடத்தில் கருங்கடல் தோன்றுகிறது. முன்பு திருப்பி அனுப்பப்பட்ட வெயில் இப்போது உள்ளே போகிறது. அதனால் இன்னும் பனி உருகுகிறது. உலகத்தின் சராசரியைப் போல் பல மடங்கு வேகத்தில் ஆர்க்டிக் சூடேறிவருவதற்கு இது ஒரு முக்கிய காரணம். வெயில் சமமின்றி விழுவதால் இயங்கும் காற்றுகளில் நம் பருவக்காற்றும் ஒன்று என்பதால், ஹிமாத்ரியில் நம் விஞ்ஞானிகள் பனியையும் காற்றையும் அளந்துகொண்டிருப்பது ஆழியாற்றின் நீரை நம்பியிருக்கும் விவசாயிக்கு அந்நியமான காரியம் அல்ல.

பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களிலுள்ள ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பூமியின் சீதோஷ்ண மண்டலங்களைப் பாடப் புத்தகத்தின் வண்ணப் படத்தைக் காட்டி மட்டும் கற்பிக்காதீர்கள். ஏப்ரல் 17, 18 தேதிகளில் பள்ளி விடுமுறையாக இருந்தாலும் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்து, ஒரு மீட்டர்க் கோலை நூல்குண்டு பிடித்துச் செங்குத்தாக நடச் சொல்லுங்கள். கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்ததும் பார்த்துவிட்டுப் போய்விட வேண்டாம். இந்திய நேரம் கணிக்கப்படும் தீர்க்கரேகைக்கு நம் ஊர் மேற்கே இருப்பதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணி 20 நிமிடத்துக்குப் பிறகுதான்.